ஜாக்கி மட்டும் ஏறியது

ஜாக்கி ஏறியது. கார் ஏறவில்லை.

மகள் கைப்பிடியை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினாள். ஜாக்கியின் தலை இடது பக்கக் கதவுக்குக் கீழே போய் முட்டி, ஊறிய ரொட்டிக்குள் விரல் போவதுபோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. டயர் தரையை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. முதலில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்தது. பிறகு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு தெறித்து விழுந்து இரண்டாக உடைந்தது. அதன் மேல்புறம் பளபளக்கும் மேகநீலம். அடியில் சாம்பல் நிறத்தில், ஒரு விரல் தடிமனுக்கு, பெயிண்டர்கள் பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி.

"நிறுத்து" என்றாள் அவள் அம்மா, பல் அக்கா.

தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல்லும் கேப்பும் செய்து கொடுக்கும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மரக்கடையின் பின்பக்கத்தில், பலகைகளுக்கு நடுவே இந்தக் கார் கிடந்ததைப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதுக் கார். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எஞ்சின் இறுகிப்போய்விட்டது. மரக்கடைக்காரர், "எடுத்துட்டுப் போம்மா, இடம் காலியாகட்டும்" என்று கிட்டத்தட்ட வேண்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டுப் போர்ட்டிகோவில்தான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும், லேபில் பல் அனுப்புகிற சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே எழுதி வைத்தாள். எஞ்சினைப் பிரித்துக் கோத்தாள். பிரேக் குழாய்களை மாற்றினாள். துருவை மட்டும் அவள் கையாண்ட விதமே வேறு. சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசியை வைத்துக்கொண்டு கார் முழுக்கக் குத்திப் பார்த்தாள். ஊசி இறங்கிய இடத்தையெல்லாம் நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எறிந்தாள். சொத்தையை உள்ளே விட்டு மேலே கேப் மாட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படி மாட்டிய வாய்கள் சீழ் பிடித்துத் திரும்பி வந்ததைப் பார்த்தவள்.

கடைசியாக மிஞ்சியது இரண்டு கதவுப் பக்கமும் அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புப் பெட்டிதான். இந்த மாதிரிக் காருக்குத் தனியாக இரும்பு அடிச்சட்டம் கிடையாது. உடம்புதான் எலும்பு. பக்கவாட்டில் ஒருவன் வந்து இடித்தால் உள்ளே இருப்பவரின் இடுப்புக்கும் அவனுக்கும் நடுவில் நிற்பது அந்தப் பெட்டி. அவள் அட்டையில் வெட்டி அளவு பார்த்து, பட்டறையில் தகடு வளைத்து, வெல்டிங் இறங்கப் பக்கத்துக்கு முப்பத்திரண்டு துளை போட்டு, இரண்டு புதுப் பெட்டிகள் தயாராக வைத்திருந்தாள். வெல்டிங் செய்து பெயிண்ட் அடிக்கும் பொறுப்பு கொழுந்தனுடையது. சொந்தமாகப் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறவர். "அண்ணி, மத்ததெல்லாம் நீங்க பண்ணிட்டீங்க, இத என்கிட்ட விடுங்க" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஆறு நாள் துணைக்குப் போனாள். போகும்போது வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்: முதலில் வெட்டணும், பிறகு வெல்டிங், அதற்கப்புறம்தான் பெயிண்ட்.

நாலாம் நாள் போனில் கேட்டாள். "தகடு சரியா உக்காந்துச்சா?"

"கச்சிதமா" என்றார் வீட்டுக்காரர்.

கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மாவிடம் அவள் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நேற்றுச் சாயங்காலம் ஊர் திரும்பி, பையைக்கூட இறக்கி வைக்காமல், மேகநீலத்தில் மின்னிய காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொழுந்தனைப் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னாள். "என்ன அண்ணி, நமக்குள்ள போய்" என்று அவர் சிரித்தார்.

இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பகல் குடும்பமாக வந்திருந்தார்கள். கொழுந்தன் டீ கிளாஸோடு நாற்காலியில். அவர் தங்கை, அதாவது பல் அக்காவின் நாத்தனார், மாடிப்படியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. வீட்டுக்காரர் ஜாக்கி ஏறுவதைப் படம் எடுக்கப் போனைத் தூக்கியவர், தூக்கியபடியே நின்றார். மகள் பிசியோதெரபிஸ்ட். மறுநாள் இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் புது வேலையில் சேர இந்தக் காரில்தான் போவதாக இருந்தாள். வழியில் பஞ்சரானால் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது, டயர் மாற்றக் கற்றுக்கொண்டு கிளம்பு என்று அம்மா சொன்னதால்தான் ஜாக்கியே வெளியே வந்தது.

"ஜாக்கிய தப்பான எடத்துல வெச்சிட்டா" என்றார் கொழுந்தன். "தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்."

"எடம் சரிதான் தம்பி. கம்பெனிக்காரன் அங்க அம்புக்குறி போட்டிருந்தான். அது மேலயும் சேத்துப் பட்டி பூசியிருக்கீங்க."

அவள் தரையில் முழங்காலை ஊன்றி, உடைந்த ஓட்டைக்குள் விரலை விட்டாள். கையில் இரும்பு தட்டுப்படவில்லை. காகிதம்தான் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கசக்கித் திணித்த செய்தித்தாள், அதோடு ஒட்டிக்கொண்டு செங்கல் பொடிபோல் துரு. ஒரு தாளை நீவி விரித்துத் தேதியைப் பார்த்தாள்.

"போன புதன்கிழமப் பேப்பர்."

"அண்ணிக்குக் காருக்குள்ளயும் பல்லு தேடணும்" என்று நாத்தனார் பேச்சை லேசாக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"வெட்டவே இல்லையா?" என்று பல் அக்கா கொழுந்தனைக் கேட்டாள்.

கொழுந்தன் தன் அண்ணனைப் பார்த்தார். அரை நொடிப் பார்வைதான். அவளுக்கு அது போதும். கோபம் இவ்வளவு நேரம் ஓர் ஆளிடம் நின்றுகொண்டிருந்தது. இப்போது நடந்து போய் இன்னோர் ஆளிடம் நின்றது.

"நான்தான் சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர். போனைப் பாக்கெட்டில் போட்டார். "வெட்டி ஒட்டணும்னா பத்து நாள் ஆகும்னான். நீ ஆறு நாள்ல வந்துடுவ. வந்து நிக்கறப்ப முடிஞ்சிருக்கணும்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா இந்த வீட்ல ஞாயித்துக்கெழமன்னு ஒண்ணு இருந்துச்சா?"

"ஞாயித்துக்கெழம வேணும்னா கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன். சண்ட போட்டிருப்பேன். ஆனா அது நேர்ல போடற சண்ட."

"உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்."

இந்த வார்த்தைதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய்யைக்கூட ஒருவேளை செரித்திருப்பாள். பொம்மை கேட்டு அழுகிற பிள்ளைக்குப் பளபளவென்று ஒன்றை வாங்கிக் கையில் திணித்த மாதிரி அல்லவா இது. இரண்டு வருஷம் அவள் குத்திப் பார்த்தது, வெட்டியது, அளந்தது எல்லாம் இவர் கண்ணுக்கு ஒரு பொழுதுபோக்கு. பெயிண்ட் அடித்துக் காட்டினால் தீர்ந்துபோகிற ஆசை. அதற்கு அவள் கண் கலங்கி நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். அந்த நன்றியை இரண்டு பேரும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன்" என்று கொழுந்தன் கிளாஸைக் கீழே வைத்தார். "ரோட்ல ஓடுற பழைய காரெல்லாம் பாதி பட்டியிலதான் ஓடுது. எல்லாரும் செத்தா போயிட்டாங்க? நாலு கோட்டு அடிச்சிருக்கேன். பெயிண்ட்ல எங்கயாவது மேடுபள்ளமா ஒரு அலை தெரியுதா பாருங்க."

அலை தெரியவில்லைதான். கூரையும் பானெட்டும் கண்ணாடிபோல் இருந்தன. இவ்வளவு சுத்தமாக வேலை தெரிந்த கை, தெரிந்தே காகிதத்தைத் திணித்திருக்கிறது. தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"செத்தவங்க வந்து உங்க பட்டறையில புகார் குடுக்கமாட்டாங்க தம்பி."

"சரி விடுங்க அண்ணி, வீட்டுக்குள்ள நடந்தது" என்றாள் நாத்தனார். "இப்ப என்ன, மெதுவா ஓட்டிட்டுப் போகட்டும். அறுவதுக்கு மேல போகாதன்னா அவ போகமாட்டா."

"அத எதிர்ல வர்றவன்கிட்டயும் சொல்லிடுங்க."

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நான் செஞ்ச பெட்டி ரெண்டும் எங்க?"

வீட்டுக்காரர் உள்ளே போனார். பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது பழைய போர்வையில் சுற்றிய இரண்டு நீளப் பொட்டலங்களைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவள் கட்டிய முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. ஆறு நாளில் ஒரு தடவைகூட யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பொருந்துமா என்று காரின் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதைக் "கச்சிதமா" என்றார்.

"எனக்கு மரியாதை இல்லாத எடத்துல நான் எதுக்கு உக்காரணும்" என்று கொழுந்தன் எழுந்தார். ஏமாற்றியவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாத்தனார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நிற்கவில்லை. வாசல்வரை போய், "மூணு நாள் பட்டறைய மூடிட்டு வந்து செஞ்சேன்" என்றார்.

"ஆமா. பேப்பர் திணிக்க மூணு நாள்" என்றாள் பல் அக்கா. அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மகளுக்குத்தான் பொறுமை போய்விட்டது. "அம்மா, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நான் அங்க இருக்கணும். சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. காரு ஓடுமா ஓடாதா?"

"ஓடும்."

"அப்ப பிரச்சினை என்ன? அடுத்த மாசம் கொண்டுவந்து விடறேன், நீங்க வெட்டுங்க, ஒட்டுங்க. அப்பா செஞ்சது தப்புதான். அதுக்கு நான் பஸ்ல தொங்கணுமா?"

"தொங்கணும்."

மகள் அம்மாவை முறைத்தாள். பிறகு காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய்த் தோழிக்குப் போன் போட்டாள். "எங்க வீட்ல ஒரு கூத்து நடக்குது" என்று அவள் தொடங்குவது இவர்கள் காதிலும் விழுந்தது.

நாத்தனார் காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். போர்ட்டிகோவில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் பெட்டிகளைக் கீழே வைக்கலாமா என்று தெரியாமல் இன்னும் ஏந்திக்கொண்டே நின்றார்.

"அவன் கோவம் ரெண்டு நாள்ல போயிடும். நான் பேசறேன். அவனே வந்து வெல்டு பண்ணிக் குடுப்பான்" என்றார்.

"வேண்டாம். பின்தெருவுல கிரில் கேட் செய்யறவரக் கூப்பிட்டுக்கறேன். அவர் பக்கத்துல நின்னு நான் பாத்துக்கறேன்." அவள் கருவிப் பெட்டியைத் திறந்து துழாவி ஒரு சாக்பீஸை எடுத்தாள். "அத வெச்சிட்டு இத பிடிங்க."

"எதுக்கு?"

"எங்கெங்க பட்டி வெச்சீங்களோ அங்கெல்லாம் வட்டம் போடுங்க."

"அதான் தெரியுதே, இந்தப் பெட்டிதான்."

"போடுங்க."

அவர் குனிந்து இடது பக்கப் பெட்டியில் ஒரு நீள்வட்டம் போட்டார். புதுப் பெயிண்டில் சாக்பீஸ் வழுக்கியது, அழுத்திப் போட்டார். எழுந்து வலது பக்கம் போய் அங்கேயும் ஒன்று போட்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இவ்வளவுதான் என்று அவளும் நினைத்தாள். இரும்பு வெட்டும் கிரைண்டரின் ஒயரைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அவர் சாக்பீஸைத் திருப்பித் தரவில்லை. பின் சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

ஒயரைப் பிரித்த கை நின்றது. அந்த வளைவை அவள் உள்பக்கமிருந்து குத்திப் பார்த்திருந்தாள். ஊசி இறங்கவில்லையே.

"பழைய பெயிண்ட உரிச்சப்பதான் தெரிஞ்சுது" என்றார் அவர் அவளைப் பார்க்காமல். "ஒண்ணு தொட்டா இன்னொண்ணு உதிர்ந்துச்சு."

முன்கதவின் அடிவிளிம்பில் ஒரு வட்டம். டிக்கியின் மூலையில் ஒன்று. அவர் இப்போது வேகமாகப் போட்டுக்கொண்டு போனார், யாரோ விரட்டுவதுபோல. ஆறு, ஏழு. பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, உடம்பைப் பாதி உள்ளே நுழைத்தார். சீட்டுக்குப் பக்கத்தில், கூரையைத் தாங்கும் தூண் காரின் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது.

மகள் போனைக் காதிலிருந்து இறக்காமலே அருகில் வந்து எட்டிப் பார்த்தாள். தோழி அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அது சீட் பெல்ட் முடுக்குற எடம்."

அவர் கை பாதி வட்டத்தில் நின்றது.

"நான் உக்காரப்போற சீட்டுப்பா அது. தெரிஞ்சுதான் பூசினீங்களா?"

அவர் காருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை. "போல்ட் பிடிச்சுது. இழுத்துப் பாத்தோம்" என்ற குரல் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. "கையால இழுத்தப்ப வரல."

மகள் போனை அணைத்தாள். காலையில் பின் சீட்டில் அடுக்கி வைத்த தன் துணிப்பையையும் பெட்டியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் படியில் வைக்கத் தொடங்கினாள்.

பல் அக்கா குனிந்து, கதவு வழியாக அந்த அரைவட்டத்தைப் பார்த்தாள்.

"முடிங்க" என்றாள். "பாதியிலயே நிக்குது."