காரணத்தை ஆறு வரிகளுக்குள் எழுதவும்

1

காலை ஆறரைக்கு எழுந்திருக்கிறேன். பல் துலக்குகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். மூன்று மாடி இறங்கி, தூணுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் வெள்ளைக் காரில் ஏறி எஞ்சினை இயக்குகிறேன். பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். காரை நகர்த்துவதில்லை. பேட்டரி செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அணைக்கிறேன். மேலே வருகிறேன். தேநீர் போட்டுக் குடிக்கிறேன். பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்.

ஏழு மாதமாக இப்படித்தான். கார் என் மனைவியுடையது. அவள் ஏழு மாதத்துக்கு முன்னால் இறந்துவிட்டாள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு படிவத்திலிருந்து வந்தது. என் மனைவியின் தங்கை இந்த ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்கிறாள். விடுதியில் தங்கப் போகிறாள். விடுதிக்காரர்கள் அனுப்பிய தாள்களில் பதினோராவது தாள் இப்படிச் சொல்கிறது: 'முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்குள் கார் கொண்டுவரப் பொதுவாக அனுமதி இல்லை. விலக்கு வேண்டுவோருக்காக, காரின் உரிமையாளர் காரணத்தை ஆறு வரிகளுக்குள் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பவும்.' கீழே ஆறு கோடுகள். உரிமையாளர் இப்போது நான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வாஷிங் மெஷின், மிக்ஸி போன்றவற்றுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. ஆறு வரியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எழுத உட்கார்ந்தேன். ஏழாவது வரி வந்தது. நிறுத்த முடியவில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் காரைக் கொடுத்தனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில்—' (இது கட்டுரை. தவிர, நான் யாருக்கும் பெற்றோர் இல்லை.)

'மழையில் அந்த வளைவில் லாரி திரும்பியபோது அவள்—' (பொய். இறந்துபோன மனைவி, அவளுடைய கார் என்று சொன்னவுடன் நீங்கள் விபத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் காரில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அவளுக்கு வயது முப்பத்தொன்று.)

'அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.'

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் அந்தக் காரில் இரண்டு பிரேக். ஓட்டுபவரின் காலடியில் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று.*

[* பக்கத்து இருக்கையில் ஸ்டியரிங் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் கிடையாது. அங்கே உட்காருபவரால் நிறுத்த மட்டுமே முடியும். கையேட்டில் இதை 'எச்சரிக்கை' என்ற தலைப்பில் போடுவதா 'பாகங்கள்' என்ற தலைப்பில் போடுவதா என்று தெரியவில்லை.]

3

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே சின்னதும் வந்தாள். தங்கையை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது பதினெட்டு, உயரத்தில் அப்பாவைத் தாண்டிவிட்டாள், இன்னும் சின்னதுதான்.

"முதல் வருஷமே காரா? படிக்கப் போறாளா, டாக்ஸி ஓட்டப் போறாளா?" என்றார் மாமனார், படிவத்தைத் தூரப் பிடித்துப் படித்தபடி.

"இவங்க பயிற்சிக்குப் போற பண்ணை காலேஜ்லேர்ந்து பதினோரு கிலோமீட்டர். காலைல அஞ்சரைக்கு அங்க நிக்கணும். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான்" என்றார் மாமியார். "மாடு பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"மத்த பிள்ளைங்க எப்படிப் போவாங்களாம்?"

"காலேஜ் வண்டி ஒண்ணு இருக்காம். பாதி நாள் ரிப்பேராம். இவகிட்ட கார் இருந்தா அவங்களும் இதுலயே போயிடுவாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். அஞ்சு பேர ஏத்திக்கிட்டு, பாட்ட அலறவிட்டுக்கிட்டு..."

"யாரு கத்துக்கொடுத்தது? உங்க பொண்ணு. எத்தன பேருக்குக் கத்துக்கொடுத்தா. ஒருத்தர் எங்கயாவது போய் இடிச்சதா நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "உங்க வண்டி."

அதை என் வண்டி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

சின்னது ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அத்தான், ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு வண்டி வேணாம்னு சொன்னா நீங்க நிம்மதியாவீங்களா, வருத்தப்படுவீங்களா?"

"தெரியல."

"அப்ப கிளம்புங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம். பயமா இருந்தா கையெழுத்துப் போடாதீங்க."

(இந்தப் பெண்ணின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பதினெட்டு வயதில் இவ்வளவு தெளிவாகப் பேச வருமா? முதல் வரைவில் அவளை அழவிட்டிருந்தேன். அக்காவின் சாவியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். படித்துப் பார்த்து அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அழுகிற ஆள் ஒருவர் கதைக்கு வேண்டியிருந்தது, நான் அழாததால் அவளைப் பிடித்துப் போட்டிருக்கிறேன்.)

4

ஏழு மாதத்தில் முதல்முறையாகக் கார் நகர்ந்தது. அது நின்ற இடத்தில் செவ்வகமாக, தூசி படாத தரை தெரிந்தது. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். என் கால் தானாகவே போய் இரண்டாவது பிரேக்கின் மேல் நின்றது.

தெருவுக்கு வந்ததும் சின்னது பேச ஆரம்பித்தாள்.

"முட்டை அட்டையோட ஒருத்தர். ரோட்ட கடக்க மாட்டார், போன்ல இருக்கார். ஏணி. ஏணி மேல ஆள். கீழ பிடிச்சுக்க யாரும் இல்ல. பச்ச கேட், பாதி திறந்திருக்கு. பின்னால பைக், அவசரத்துல இருக்கான்."

"யார்கிட்ட பேசற?"

"ரோட்டுகிட்ட. அக்கா பழக்கினது. வாயால சொல்லாத எதையும் நீ பாக்கலன்னு அர்த்தம்னு சொல்வா. வெள்ளச் சட்டை, திரும்பிப் பாத்துட்டார், நல்லது. பார்சல் வேன். உள்ள டிரைவர் கை கதவுல இருக்கு, திறப்பார்—"

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மிதித்துவிட்டேன். கார் குலுங்கி நின்றது. வேன் கதவு திறந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மாடு படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. பின்னால் வந்த பைக் கிறீச்சிட்டு, எங்களை ஒட்டி நின்றது. "ரோட்ட எழுதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான் அதை ஓட்டியவன்.

சின்னது ஓரமாக நிறுத்தினாள். குரல் உயரவில்லை.

"நான்தான் பாத்துட்டேன்னு சொன்னேன்ல அத்தான்? வேகத்தையும் குறைச்சுட்டேன். நீங்க வேன மட்டும் பாத்தீங்க. பின்னால பைக்க பாத்தீங்களா?"

"இல்ல."

"இன்னொரு தடவ மிதிச்சீங்கன்னா, அதோ பஸ் ஸ்டாப். இறங்கிக்கலாம்." பிறகு என் காலைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டுங்க. கால மேல தூக்கிச் சம்மணம் போட்டுக்கோங்க."

"எதுக்கு?"

"கடைசி வகுப்புல அக்கா அப்படித்தான் உக்காருவா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கத்துக்கிட்டாரே ஒரு வாத்தியார், கை வெடவெடன்னு ஆடும், அவர்கிட்டகூட. சம்மணம் போட்டாத்தான் ஓட்டறவங்களுக்குப் புரியும், பிரேக் போட வேற ஆளில்லன்னு. இவளுக்குப் பயமே கிடையாதுன்னு நெனச்சேன். ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன். 'உயிரே போகுதுடி'ன்னா. 'ஆனா கால் கீழ இருந்தா அவங்க என் கால நம்பித்தான் ஓட்டுவாங்க'ன்னா."

(இங்கே நான் எழுதுவதை நிறுத்தி, எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் நீங்கள் இந்த இடைவெளியைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.)

ஐந்து ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தேன். மாலையில் வந்து பையை நாற்காலியில் மாட்டுவாள். "இன்னிக்கு எப்படி?" என்பேன். "பரவாயில்ல" என்பாள். சாப்பிடுவோம். அந்தப் 'பரவாயில்ல'க்குள் இது இருந்திருக்கிறது. ஓடும் காரில், முன்பின் தெரியாத ஒருவரின் நடுங்கும் கைகளுக்குப் பக்கத்தில், இருந்த ஒரே பாதுகாப்பின் மேலிருந்து தன் கால்களை எடுத்து மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை பேரோடு, எத்தனை முறை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுமளவுக்கு அது ஒரு விஷயமாகவே அவளுக்குப் படவில்லை.

இறந்துபோன ஒருத்தியைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரியவரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இருந்ததெல்லாம் அவ்வளவுதான், இனி குறைய மட்டுமே செய்யும் என்று நினைத்திருந்தேன்.

செருப்பைக் கழற்றினேன். கால்களை மடித்துக்கொண்டேன். முட்டி கதவில் இடித்தது. சின்னது கிளம்பினாள்.

"கூரியர் பையன், இடது கண்ணாடியில. நாய், தூங்குது. அந்தப் பால்கனியில துணி நழுவுது, விழலாம். ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி மட்டும் நம்மள பாத்தா. ஸ்கூட்டர், இண்டிகேட்டர் போட்டு மறந்துட்டார். பழைய சைக்கிள், பின் சக்கரம் கோணல். வெயில் இப்ப கண்ணுக்கு நேரா வரும். வந்துடுச்சு."

நாற்பது நிமிடம் ஓட்டினாள். நான் தினமும் பஸ்ஸில் போகிற தெருக்கள்தான். ஏழு மாதமாக அவற்றில் ஒன்றையும் நான் பார்த்திருக்கவில்லை. கோணல் சக்கரத்தோடு ஒரு சைக்கிள் எப்படி அத்தனை நேராகப் போகிறது. ஏணியின் உச்சியில் ஒரு மனிதன் பிடிமானமில்லாமல் நின்று பல்பு மாட்டுகிறான், கீழே உலகம் அவனைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் இத்தனை பேர் ஒவ்வொரு நாளும் வீடு போய்ச் சேருகிறார்கள். இதை யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. கோபுரம், கடல், கிரகணம் என்று வேறு எதையோ காட்டுகிறார்கள். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன் என்று சின்னது பிறகு சொன்னாள்.

"என்ன அத்தான், பயமா?"

"இல்ல."

"பின்ன?"

"ஏணி மேல ஒரு ஆள் இருந்தான்ல."

"அவனத் தாண்டி வந்து அரை மணி நேரம் ஆச்சு."

5

முடிவுகள்.

(அ) கையெழுத்துப் போடுகிறேன். காலை ஐந்து மணிக்கு அவள் நான்கு தோழிகளை ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போகிறாள். சாணி மிதித்த காலணிகளோடு எல்லோரும் அந்தக் காரில் ஏறுகிறார்கள். இந்த முடிவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மனைவி என் கையைப் பிடித்து, "வண்டிய சின்னதுக்குக் குடுத்துடு" என்கிறாள்.

(ஆ) கையெழுத்துப் போடவில்லை. முதல் வருடம் கழியட்டும் என்கிறேன். கார் தூணுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது. நான் காலையில் பத்து நிமிடம் உட்காருகிறேன். இந்த முடிவில் அவள், "சின்னத பத்திரமா பாத்துக்கோ" என்கிறாள்.

(இ) இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட்டுக் காரைக் கொடுக்கிறேன். மெக்கானிக்கிடம் போன் செய்து விசாரித்தேன். "அரை மணி நேர வேலை சார். கழட்டினத என்ன பண்றது, வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?" என்றார். போனை வைத்துவிட்டேன். இந்த முடிவில் அவளுக்கு வசனம் எழுதவில்லை. அதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது.

ஏனென்றால் (அ)விலும் (ஆ)விலும் உள்ளதை அவள் சொல்லவில்லை. நான் எந்தப் பக்கம் சாய்கிறேனோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ப அவள் வாயில் வார்த்தைகளை வைத்தேன். பேச முடியாதவர்களை வைத்துக் கதை எழுதுவதில் இருக்கும் வசதி அது.

6

நடந்தது இது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தலைவலி என்று உட்கார்ந்தாள். பிறகு வாந்தி. பிறகு வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் காரில்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஓட்டினேன். மோசமாக ஓட்டினேன். அவள் பக்கத்து இருக்கையில், இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவசரப் பிரிவின் வாசலிலேயே நிறுத்தினேன். ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தார். என் மனைவி கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். அப்போது ஒன்று சொன்னாள். என்னிடம்தான். நான் அவள் சொன்னபடியே செய்தேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் திரும்பி வர நான்கு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்குப் புரியாதது வேறொன்று. கண்ணைத் திறக்க முடியாத வலியில், அவள் அதை எப்படிப் பார்த்தாள்.

நாளை வெள்ளி. ஆறு கோடுகளும் காலியாக இருக்கின்றன. படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும், அவள் சொன்ன அந்த ஒன்றைத் தவிர. அதையும் அவள் சொன்னபடியே எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

"இங்க நிறுத்தாத. ஆம்புலன்ஸ் வர்ற வழி. வண்டிய எடு."