இரண்டாம் தொகுதி

தனுஷியா நூலகத்துக்குள் நுழைந்ததும் நிலக்ஷன் மடிக்கணினியைப் படக்கென்று மூடினான். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

சுவிஸின் பேர்ண் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுத் துறையில், முனைவர் ஆய்வுக்குச் சம்பளத்தோடு ஒரே ஒரு இடம். அதற்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள், அவனும் விண்ணப்பித்திருந்தான்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் துருக்கியின் பழைய இஸ்மிர் துறைமுகம். அங்கே ஆங்கிலேய வணிகர்களின் நலன் பார்க்க ஒரு கொன்சல், அதாவது அரசின் தூதர்; பிரெஞ்சு வணிகர்களுக்கு ஒரு கொன்சல். வெள்ளாட்டு மயிர் வியாபாரத்துக்காக இருவரும் ஒருவர் வீட்டு வேலைக்காரனை மற்றவர் விலைக்கு வாங்கி உளவு பார்த்தார்கள். இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. "காரியம் முடியுமட்டும் வாய் திறவாதை, கண்பட்டிடும்" என்பது அம்மாவின் கட்டளை. அவர்கள் குடியிருந்த பூம்ப்ளிஸ் பகுதியில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அதுதான் சட்டம்.

"என்ன வாசிக்கிறாய்?" என்று கேட்டாள்.

"சும்மா, உப்பு வியாபாரம். நீ?"

"மணிக்கூட்டுத் தொழிற்சாலையள்."

"ஓ, மணிக்கூடோ? சுவிஸில ஒருத்தரும் தொடாத விசயம்தான்" என்று சிரித்தான்.

அவள் புத்தகத் தட்டுக்குப் போனாள். கொன்சல்களின் அறிக்கைகளைத் தொகுத்து அச்சிட்ட நூலில் முதல் தொகுதி இருந்தது, இரண்டாவதைக் காணவில்லை. யாரும் இரவல் எடுக்கவில்லை என்றார் நூலகர். நிலக்ஷன்தான் ஒளித்திருப்பானோ? ஆனால் உப்பைப் படிக்கிறவனுக்கு அது எதற்கு? அவள் முதல் தொகுதியைப் படித்து முடித்ததும், சத்தமில்லாமல் அதை அட்லஸ்களுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

நேர்முகத் தேர்வன்று விண்ணப்பித்த ஒவ்வொருவரும் மற்ற எல்லோர் முன்னும் பேச வேண்டும். நிலக்ஷன் முதலில் எழுந்தான். திரையில் தலைப்பு விழுந்தது: இஸ்மிரில் இரு கொன்சல்கள். தனுஷியாவின் பொருளும் அதுவேதான். அவளுடைய முறை வந்தபோது தேர்வை நடத்திய பேராசிரியையின் புருவம் ஏறியது ஏறியபடியே நின்றது.

"அவரிடம் இருப்பது இரண்டாம் தொகுதி மட்டும். உங்களிடம் முதலாவது மட்டும். இரண்டும் ஒரே ஆய்வின் பாதிகள். சேர்ந்து விண்ணப்பித்திருந்தால் இடத்தை ஆளுக்கு ஐம்பது வீதமாகப் பிரித்துத் தந்திருப்பேன். அதற்கான தவணை போய்விட்டது. நீங்கள் இருவரும் ஒரே கோயிலுக்குத்தானே போகிறீர்கள்? பேசிக்கொள்வதில்லையா?"

இடம் லொசானில் இருந்து வந்த பெண்ணுக்குப் போனது.

டிராமில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"முதலாம் தொகுதி எங்கை?" என்றான் நிலக்ஷன்.

"அட்லஸுகளுக்குப் பின்னாலை. மற்றது?"

"மிருக வைத்தியப் புத்தகங்களுக்குள்ளை."

"உப்பாம்!"

"ஏன், மணிக்கூடு திறமோ?"

அவளுடைய கைபேசி அடித்தது.

"என்னடி, கிடைச்சுதோ?" என்றார் அம்மா.

நிலக்ஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"வீட்டை வந்து சொல்லுறன் அம்மா" என்றாள் தனுஷியா தணிந்த குரலில். "பக்கத்தில ஆள் நிக்குது."