பதினைந்து வரிசை

1

இந்தக் கதை ஒரு ரொட்டிப் பையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முட்டாரேயில் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் செடிகள் என் பொறுப்பு. அடுத்த மேசையில் ஞாரட்ஸோ, பாம்பும் பல்லியும் அவள் பொறுப்பு.

இதற்கு முன் எழுதிய முதல் வரி: ‘உயிர்களை வகைப்படுத்துவது என்பது மனித அறிவின்...’ அடித்துவிட்டேன். அன்று அறிவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

2

காலை பதினோரு மணி. மூச்சிரைக்க உள்ளே வந்தவர் கிவ்மோர், ஹோண்டே பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்ட வேலை. கையிலிருந்த ரொட்டிப் பையைக் கவிழ்த்தார். பச்சைப் பாம்பு, செத்தது. விடியும்போது அவர் மனைவி லவ்னெஸ்ஸைக் கடித்திருக்கிறது. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. முட்டாரே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்.

“தலை எங்கே?” என்றாள் ஞாரட்ஸோ.

“மண்வெட்டியால ஒண்ணு போட்டேன்.”

“ஒண்ணா? கூழாக்கி வெச்சிருக்கீங்களே!”

கண்ணையும் பல்லையும் பார்த்தால் நொடியில் தெரிந்திருக்கும். இப்போது இரண்டும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போனில் வந்தார். “பூம்ஸ்லாங்கா இல்லையா, அதைச் சொல்லு. ஆமான்னா விஷமுறிவு மருந்துக்குத் தலைநகருக்கு அனுப்பணும். இந்த நிலைமையில அஞ்சு மணி நேரம் வண்டியில குலுக்கிக்கிட்டுப் போக எனக்கு மனசில்ல. இங்க ரத்தம் இப்போதைக்கு நல்லா உறையுது.”

இப்போதைக்கு. பூம்ஸ்லாங் கடித்தால் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ரத்தம் நிற்காது.

3

இங்கே கிவ்மோர் மீது எனக்குச் சந்தேகம். மனிதராக அல்ல, கதாபாத்திரமாக. மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இப்படிப் பேசுபவரை யார் நம்புவார்கள்? ஆனால் பேசினார்.

“உங்க குலம் என்ன?”

“எலாண்ட் மான்” என்றாள் ஞாரட்ஸோ, உருப்பெருக்கியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சிஹேராவா!* எம் பொண்டாட்டியும் சிஹேராதான். நியாயமாப் பாத்தா கடிச்ச பாம்பைத்தான் ஆஸ்பத்திரியில சேத்திருக்கணும். அப்ப நீ எனக்கு மச்சினி.”

“மச்சான், மேசையிலேருந்து கையை எடுங்க. எண்ணிக்கை தப்புது.”

எடுத்தார். காலி ரொட்டிப் பையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவரைக் கதையில் இருக்கவிட்டேன்.

(* எங்கள் ஊரில் குலத்துக்கு ஒரு விலங்கு. மான் குலத்துப் பெண் சிஹேரா. யாருக்கும் அடங்காதவள் என்று பேர். ஒரே குலத்துப் பெண்கள் அக்கா தங்கை முறை.)

4

முதுகின் நடுவில், ஒரு பக்க வயிற்றோரத்திலிருந்து மறுபக்கம் வரை, செதில் வரிசைகளைச் சாய்வாக எண்ண வேண்டும். பூம்ஸ்லாங் என்றால் பெரும்பாலும் பத்தொன்பது, ஒவ்வொரு செதிலின் நடுவிலும் மேடு. பச்சை மாம்பா என்ற இன்னொரு விஷப் பாம்புக்கும் பதினேழுக்குக் குறையாது. தவளை தின்னும் சாதுவான பச்சைப் பாம்புக் கூட்டம் என்றால் பதினைந்து, வழவழப்பு.

அவள் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நான் பென்சிலோடு நின்றேன்.

“பதினஞ்சு.”

மீண்டும் எண்ணினாள். பதினைந்து. நகத்தால் நீவினாள். “மேடு இல்ல. நீ எண்ணு, நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

செடிக்காரியான நானும் எண்ணினேன். பதினைந்து.

போனை எடுத்தாள். “டாக்டர், பூம்ஸ்லாங் இல்ல, மாம்பாவும் இல்ல. விஷமில்லாத கூட்டம். மூணு தடவை எண்ணியாச்சு.”

“சரி. நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே பாத்துக்கறேன்” என்றார் டாக்டர். அவர் விட்ட நீண்ட பெருமூச்சு எங்கள் மூவருக்கும் கேட்டது. கிவ்மோர் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார்.

5

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்:

‘பத்தொன்பது என்றாள். கிவ்மோரின் முகம்...’

ஞாரட்ஸோ படித்தாள். “எதுக்கு இது?”

“கதைக்குக் கொஞ்சம் கனம் வேணுமே.”

“உன் கதைக்குக் கனம் வேணும்னு அந்தப் பொண்ணைச் சாகடிப்பியா? நான் எண்ணினதை மாத்த நீ யாரு?”

கிழித்துவிட்டேன்.

6

மறுநாள் காலை பேருந்து ஏறும் முன் லவ்னெஸ் எங்கள் அறைக்கே வந்தாள். வயிற்றில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. பாம்பைப் போட்டு வைத்திருந்த சாராய ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இத்தனூண்டா? இதுக்கா இந்தாளு ஊரைக் கூட்டினாரு? இதுக்குப் பேரு என்னக்கா?”

“தலை நசுங்கிட்டதால எந்த இனம்னு சரியாச் சொல்ல முடியல. குடும்பம் மட்டும்தான் தெரியும், நல்ல குடும்பம்” என்றாள் ஞாரட்ஸோ.

“எங்க வீட்டுக்காரரு மாதிரியேதான். குடும்பம் நல்ல குடும்பம். ஆளு என்ன ரகம்னு இன்னும் பிடிபடல.”

கிவ்மோர்தான் முதலில் சிரித்தார்.

அதற்குப் பிறகு குழந்தை பிறந்ததையும் எழுதலாம் என்று ‘அடுத்த மாதம்...’ என்று தொடங்கினேன். நிறுத்திவிட்டேன். அவர்கள் பேருந்து ஏறியது வரைதான் நான் பார்த்தேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையோ பெண்ணோ, யார் ஜாடையோ, உங்கள் விருப்பம். ஒரே நிபந்தனை, யாரும் சாகக் கூடாது.