ஆவக்காய் மேல் ஊற்றிய மெழுகு

என் அப்பா காளிராஜுக்கு இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் மெஷினில் வேலை. பனியனுக்குப் போகிற நூல் அறுந்து தொலைக்காமல் இருக்க, அதை ஒரு மெழுகு வில்லையில் உரசவிட்டுத்தான் சுற்றுவார்கள். வில்லை தேய்ந்து பிஸ்கட் மாதிரி ஆனதும் கழற்றி எறிவார்கள். எறிந்ததெல்லாம் அப்பாவின் டிபன் பையில் போய் விழும்.

எங்கள் வீட்டில் மெழுகு படாதது நாங்கள் மூன்று பேர்தான். மழைக்கு உப்பிய கதவு, இழுக்க வராத டிராயர், இஸ்திரிப் பெட்டியின் அடி, அம்மாவின் தையல் நூல் எல்லாமே அப்பா கைபட்டு வழுக்கின. என் பேன்ட் ஜிப்புக்கும் போட்டார். அதன் பிறகு அது ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆர்வம் காட்டியது. கல்லூரியில் முதல் வருஷம் முழுக்க நான் நோட்டை முன்னால் பிடித்தபடியே நடந்தேன். படிப்பாளி என்று பெயர் வந்தது.

அந்த மே மாதம் என் அம்மா பரிபூரணத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் கற்ற ஆவக்காய் மாங்காய் ஊறுகாயை, அவரே வந்து கேட்டு வாங்கிப் போகிற அளவுக்குப் போடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு விசேஷ வீட்டில் அதைச் சாப்பிட்டுவிட்டு, “ஆறு பாட்டில் அனுப்புங்க, கடையில வச்சுப் பாப்போம். எண்ணெய் மட்டும் ஒழுகக் கூடாது. பால்கோவாவுல பட்டா நான் கடைய மூடணும்” என்றார்.

“நம்ம வீட்டுப் பண்டத்த வெளி ஆளுக வாங்கித் திங்கணும்லே” என்று சொல்லிச் சொல்லி அம்மா மாங்காய் வெட்டினாள்.

‘ஒழுகக் கூடாது’ என்பது அப்பா காதிலும் விழுந்துவிட்டது. பாட்டில்களை அனுப்ப வேண்டிய அன்று காலையில், அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் வில்லைகளை உருக்கி, ஆறு ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் ஊறுகாய்க்கு மேல் ஊற்றி உறையவைத்து, மூடியும் போட்டிருந்தார்.

“திங்கிற பண்டத்துல மெழுகா?” என்றாள் அம்மா.

“ஆப்பிள் மேல மினுக்குறது என்னட்டி? மெழுகு. பால்கோவாவ எதுல மடிக்கான்? மெழுகுத் தாள்ல. நாமதான் பின்தங்கிக் கெடக்கோம்.”

அம்மா பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி பத்து மணிக்குள்ள கொண்டாரச் சொல்லிருக்காவ. போயி இறங்குனதும் இதத் தோண்டி எறிஞ்சுட்டுக் குடுலே.”

நின்றபடியே பஸ்ஸில் போனேன். கடையில் நான் கத்தியை எடுப்பதற்குள் அண்ணாச்சி ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

“தம்பி, பூசணம் பூத்துருக்கு.”

“பூசணம் இல்ல அண்ணாச்சி. மெழுகு.”

“என்ன மெழுகு?”

“மில்லு மெழுகு.”

அவர் முகம், பூசணத்தோடு நின்றிருக்கலாமே என்பது போல ஆனது. “பூசணம்னா வெயில் பத்தலன்னு சொல்லலாம். மெழுகுன்னா நான் எவன்ட்ட என்னன்னு சொல்லுவேன்? யாரு ஊத்துனது?”

அப்பாவைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. “நான்தான்” என்றேன்.

“காலேஜுல இதான் சொல்லித் தாராங்களாக்கும்.”

“உங்க பால்கோவாவும் மெழுகுத் தாள்லதான அண்ணாச்சி…”

“தாளை எவனும் திங்கிறதில்லையே.”

கத்தியை விட்டு நெம்பினேன். மெழுகு முழு வட்டமாகக் கழன்று வந்தது. அடியில் ஆவக்காய் கமகமவென்று மணக்க, சிவந்து கிடந்தது. அதற்குள், பால்கோவா வாங்க நின்ற ஒரு அம்மா அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். அண்ணாச்சி பாட்டில்களை என் பையில் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஒழுகுச்சா?”

“ஒழுகல.”

“நான் சொல்லல?” என்று அம்மாவைப் பார்த்தார். பிறகுதான் பையின் கனத்தைப் பார்த்தார். பழியை நான் ஏற்றது உட்பட நடந்ததைச் சொன்னேன். “மஞ்சப்பொடி கலந்து ஊத்திருக்கணும். பூசணம்னு நெனச்சிருக்க மாட்டான்” என்றார்.

அம்மா மெழுகையெல்லாம் நெம்பி எறிந்தாள். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு மேலே ஊற்றி, பாட்டில் வாயைத் துணியால் கட்டினாள். சேலையை மாற்றிக்கொண்டு தானே பையைத் தூக்கிப் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் வெறும் பையோடு திரும்பினாள். சேலை முழுக்க பஸ்ஸில் ஒழுகிய எண்ணெய். முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

“எடுத்துக்கிட்டாரா?” என்றார் அப்பா.

“அங்கனயே சோத்துல பெசஞ்சு சாப்பிட்டாரு. அடுத்த வாரமும் கேட்டுருக்காரு. ஒரே ஒரு கண்டிசன்தான்.”

“என்னவாம்?”

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “காலேஜுப் பையன் கை இதுல படவே கூடாதாம்.”

அப்பா ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “நியாயமாத்தான் சொல்லிருக்காரு” என்றார்.