ஸ்டிக்கர் இல்லாத ஸ்டூல்

தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் ராஜகோபால் முதலாளியின் வீட்டுச் சாமான் கடையில், உட்காருவதற்கு மட்டும் நாற்பது தினுசு சாமான் உண்டு. குழந்தைக்குக் குட்டி நாற்காலி, கிழவருக்குச் சாய்வு நாற்காலி, நடுவயசுக்காரருக்கு ஊஞ்சல். அதையெல்லாம் விற்கிறவர்கள்தான் உட்காரக் கூடாது. உட்கார்ந்த ஆளைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு வாங்கும் ஆசை போய்விடும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. அதை அவர் மெத்தை போட்ட சுழல் நாற்காலியில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார்.

காலை ஒன்பதரைக்குப் பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் அமலராணி, ராத்திரி கடை சாத்தும்வரை நின்றபடியே இருப்பாள். ஏழு வருஷத்தில் கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலமாக முறுக்கிக்கொண்டது. டாக்டர் நிற்கக் கூடாது என்றார். அவள் புடவையை இன்னும் ஒரு அங்குலம் இறக்கிக் கட்டிக்கொண்டாள். வெளியே தெரிந்தால் முடியாத ஆள் என்று பேராகிவிடும்; பேரானால் வேலை போய்விடும். பக்கத்துப் பிரிவு தையல்நாயகியின் புடவையும் தரையைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கடை ஆட்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, பார்வையிட ஆபீசர் வருகிறார் என்று போன் வந்த பிறகுதான் அந்தச் சட்டம் கடைக்குள் நுழைந்தது.

"சக்தி, அந்த நீல ஸ்டூலை ஆளுக்கு ஒண்ணு போடு," என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் சக்திவேல் பன்னிரண்டு ஸ்டூலை இறக்கினான். "எல்லாரும் உக்காருங்க. தெனமும் உக்கார்ற மாதிரி மூஞ்ச வச்சுக்கங்க. அழுத்தி உக்காராதீங்க, விக்கற சரக்கு."

"அப்ப பாதி ஒடம்ப எங்கண்ணா வைக்கிறது?" என்றாள் தையல்நாயகி.

அமலராணி முழு உடம்பையும் வைத்தாள். காலிலிருந்து யாரோ மூட்டையை இறக்கியது போலிருந்தது. எழுந்துகொள்ளும் எண்ணம் அப்போதே அவளுக்குப் போய்விட்டது.

ஆபீசர் வந்தார், இளநீர் குடித்தார், அவள் முன்னால் நின்றார். "உக்கார வுடுறாங்களாம்மா?"

அவர் தோளுக்குப் பின்னால் முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்துகினுதான சார் கீறேன்," என்றாள்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் எழுதுகிற நேரத்தில் அவள் விரல் ஸ்டூலின் அடியில் இருந்த ஸ்டிக்கரைத் தேடிப் பிடித்தது. அந்தக் கோடு போட்ட ஸ்டிக்கர் இல்லாவிட்டால் பில் மிஷின் எந்தச் சாமானையும் ஏற்காது. நகத்தால் சுரண்டி, உருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆபீசரின் வண்டி முனை திரும்பியதும் சட்டமும் கூடவே கிளம்பிவிட்டது. "எந்திரிங்க, எந்திரிங்க," என்று சக்திவேல் ஸ்டூல்களை அடுக்கினான். கடைசி ஸ்டூலைப் புரட்டிப் பார்த்தான். "இதுல ஸ்டிக்கர் எங்க?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்?" என்றாள் அமலராணி.

"ஸ்டிக்கர் இல்லாதத ரேக்ல வைக்காத. கண்ல படாம எங்கயாவது தள்ளு," என்றார் முதலாளி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சக்திவேல் அதைப் பக்கெட் அடுக்குக்குப் பின்னால் தள்ளினான். கேமராவுக்கும் தெரியாத சந்து அது. மறுநாளிலிருந்து பெண்கள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், அமலராணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது சந்துக்குள் சக்திவேல் வந்து நின்றான். அவள் பதறி எழுந்தாள். ஏழு வருஷ வேலை முடிந்தது என்றே நினைத்தாள்.

அவன் திட்டவில்லை. வெளியே எட்டிப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, பாதத்தை அமுக்கிக்கொண்டான்.

"ஒம்போது வருசம்," என்றான். "இன்னொரு ஸ்டூல் ஸ்டிக்கரும் வுழுந்தா தேவலை."

"சக்தி எங்க?" முன்பக்கத்திலிருந்து முதலாளியின் குரல்.

அமலராணி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"பக்கெட் எண்ணிகினு கீறாரு சார். நெறைய கீது, டைம் ஆவும்."