புகை போன வழி

பலகையை மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நாலு பேர் அதைப் படித்து நாலு விதமாகச் சிரித்துவிட்டார்கள். "உள்ளே புகைக்கக் கூடாது. வேண்டுபவர்கள் வாசலுக்குப் போகவும்." தம்பி தன் கைப்பட எழுதியது. கடைசி வரிக்கு இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன: "தீயணைப்புத் துறை உத்தரவு."

அந்தக் கடைசி வரி சுத்தப் பொய்.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை, அந்த பாருக்கு முதலாளி. சமையலறையிலிருந்து அக்கா "தம்பீ" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, குடிக்க வருகிற அத்தனை பேருக்கும் அவன் தம்பியாகிவிட்டான். அவனைவிட இளையவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் எல்லாருக்கும் அக்கா. ஊரில் இன்னும் இரண்டு பார்கள் இருந்தும் கூட்டம் இங்கேதான் மொய்க்கும். ஒன்று, அக்கா வறுக்கிற மீன். இன்னொன்று, எவ்வளவு ஊதினாலும் ஹாலில் புகை நிற்காது. "உள்ளே காத்து என்னமா சுத்தமா இருக்கு" என்று வெளியூர்க்காரர்கள்கூட மெச்சுவார்கள். தம்பிக்கு உச்சி குளிர்ந்துபோகும். அப்படிக் குளிர்ந்ததை நினைத்தால் இப்போது அவனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

காற்று சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அவன் மூளைதான். தெருப் பக்கத்து ஜன்னல்களைத் திறக்க முடியாது. திறந்தால் யார் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகையால் கண்ணாடிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, கொக்கி போட்டுவிட்டான்; அவை மூடியது மூடியபடியே கிடந்தன. ஆரம்ப காலத்தில் ஹாலில் எதிரே இருப்பவன் முகம் தெரியாது. தம்பி ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினான். கொல்லையைப் பார்த்து இருந்தது சமையலறைச் சுவர் மட்டும்தான், எனவே அதை அங்கே, அடுப்புக்கு நேர் மேலே மாட்டினான். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே தட்டு நீட்ட ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஹாலில் ஊதுகிற புகையெல்லாம் அந்த ஜன்னல் வழியாக நுழைந்து, அடுப்பைத் தாண்டி, ஃபேன் வழியாக வெளியே போயிற்று. வேலை கச்சிதம். நடுவில் அடுப்புக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாளே என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று எனக்கும் தெரியவில்லை.

போன மாதம் அக்கா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தாள். டாக்டர் அவளைப் பரிசோதித்து முடித்துவிட்டு, வராந்தாவில் இருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

"உங்க அக்காவை முதல்ல சிகரெட்டை விடச் சொல்லுங்க."

"டாக்டர், அவங்க சிகரெட்டைக் கையால தொட்டதுகூட இல்லை."

"அவங்களே சொன்னாங்களே" என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். வேறு யாரோ நோயாளியோடு குழப்பிக்கொண்டுவிட்டார் என்று தம்பி விட்டுவிட்டான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சமையலுக்கு அவனே நின்றான். முதல் நாள் மாலையே கண் எரிந்தது, தொண்டை கமறியது. எண்ணெய்ப் புகை என்று நினைத்து அடுப்பை அணைத்துப் பார்த்தான். எரிச்சல் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தட்டு ஜன்னல் வழியாக நீலமாக ஒரு புகை வந்து, அவன் மூக்குக்கு நேராக வளைந்து, ஃபேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. கரண்டி கையிலிருந்து நழுவியது. அன்றைக்கே தன் சிகரெட் பாக்கெட்டை அடுப்பில் போட்டான். அவனும் ஊதியவன்தான். அதுவும் எங்கே, அந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அக்காவோடு பேசிக்கொண்டே.

இனி உள்ளே யாரும் புகைக்கக் கூடாது என்று முடிவு செய்தான். அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"எதுக்குன்னு எவன்கிட்டயும் சொல்லக் கூடாது. நெஞ்சுல சீக்கு இருக்கிறவ சமைச்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தன் வாயில வைப்பானா? நீ வாயைத் திறந்தேன்னா நான் கரண்டியை வெச்சுட்டுப் போய்ட்டே இருப்பேன்."

"கொஞ்ச நாள் சமையலறைக்கே வராம இரேன்."

"வீட்ல உக்காந்து சுவத்தை எண்ணச் சொல்றியா?"

ஃபேன் விஷயத்தை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அதனால்தான் பலகை, அதனால்தான் தீயணைப்புத் துறை. பொய் சொல்கிறவன் எட்டாத தூரத்து ஆளை அல்லவா சாட்சிக்கு இழுக்க வேண்டும்? வாரத்துக்கு மூன்று சாயங்காலம் இதே பாரில் உட்காருகிற ஃபயர் ஆபீசரை இழுக்கலாமா? புத்தி அவ்வளவுதான்.

இன்றைக்கு அக்கா திரும்பி வந்திருந்தாள். முதல் நாள். இன்றைக்கு ஒரு சிகரெட் பற்றினால் நாளைக்குப் பத்து பற்றும், பிறகு பலகை இருந்தென்ன, போயென்ன. அவளுடைய மூச்சு இந்த ஒரு சாயங்காலத்தில் தொங்கிக்கொண்டிருப்பது தம்பிக்குத் தெரியும்.

வாடிக்கை ஆட்களில் முதலில் வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்குச் சிங்கம். இங்கே தூணுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒடுங்கி உட்காரும் ஆள். பலகையைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அவர் புகைப்பதில்லை.

பிறகு கான்ட்ராக்டர் தன் ஆட்கள் நாலு பேரோடு நுழைந்தார். ஊரில் எந்தச் சாலையைத் தோண்டினாலும் அவர்தான் தோண்டுவார். குரலும் ரோடு போடுகிற இடத்தில் பேசுகிற குரல்.

"என்ன தம்பி, பாரை ஆஸ்பத்திரி ஆக்கிட்டியா?"

தம்பிக்குச் சுருக்கென்றது. "மேலிடத்து உத்தரவு, அண்ணே. நான் என்ன பண்றது?"

"எந்த மேலிடம்? நம்ம ஃபயர் ஆபீசரா?"

"ஆமா."

கான்ட்ராக்டர் லைட்டரை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். பக்கத்தில் சிகரெட் பாக்கெட்டை வைத்தார். "நல்லது. அவர் வரட்டும். அவர் வாயால சொல்லட்டும், நான் வாசல்ல நின்னு ஊதுறேன். இல்லேன்னா இங்கேயே ஊதுவேன், அந்தப் பலகையிலேயே சாம்பலைத் தட்டுவேன்."

ஆட்கள் சிரித்தார்கள். தம்பி கவுன்டருக்குப் பின்னால் போய், துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தான். சமையலறையில் அக்கா இருமினாள். சட்டென்று இரண்டு பாட்டில்களை மோதி வைத்தான். மறுபடி இருமினாள். டிவி சத்தத்தைக் கூட்டினான். மூன்றாவது தடவை ஐஸ் பெட்டியைத் தட்டினான்.

"இன்னைக்கு என்னப்பா கையும் ஓடலை, காலும் ஓடலை?" என்றார் கான்ட்ராக்டர். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே ஆபீசர் வந்துவிட்டார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே உட்கார்ந்தார். கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போயிற்று. அப்போதுதான் பலகையைப் பார்த்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"இது எப்பப்பா? நான் எப்ப உத்தரவு போட்டேன்?"

ஹால் குலுங்கிச் சிரித்தது. தம்பி அவரையே பார்த்தான். இரண்டு கண்ணாலும் கெஞ்சினான். ஆபீசர் நல்ல மனிதர், பாதி புரிந்துகொண்டார்.

"போட்டிருப்பேன்... வேலை மும்முரத்துல மறந்திருப்பேன்."

"சார், மழுப்பாதீங்க" என்றார் கான்ட்ராக்டர். "இவன் நம்ம காதுல பூ சுத்தியிருக்கான். அவ்வளவுதான் விஷயம்." லைட்டர் சொடுக்கென்றது. அவர் ஊதிய முதல் புகை மேலே எழுந்தது, பழகிய வழியில் தட்டு ஜன்னலை நோக்கி நகர்ந்தது. ஆட்கள் நாலு பேரும் பற்றவைத்தார்கள். ஆபீசரும், இனி என்ன என்கிற மாதிரி, ஒன்றை எடுத்து வாயில் வைத்தார்.

உள்ளே இருமல் வந்தது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. எந்தப் பாட்டிலை மோதினாலும் அதை மூட முடியாது.

தம்பி கவுன்டரை விட்டு வெளியே வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து ஆட்களில் ஒருவன் எழுந்துகூட விட்டான். அவன் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தட்டு ஜன்னலுக்குப் போனான்.

"என்னடா?" என்றது அக்காவின் முகம்.

ஜன்னலின் மரக் கதவை அவள் முகத்துக்கு முன்னாலேயே இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பக்கத்தில் இருந்த ஃபேன் சுவிட்சை அணைத்தான். இத்தனை வருஷமாக யார் காதிலும் விழாத ஃபேன் இரைச்சல் நின்றதும் எல்லார் காதிலும் விழுந்தது. பிறகு போய் வாசல் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"ஊதுங்க" என்றான். "யாரும் அணைக்க வேணாம். நல்லா ஊதுங்க."

"இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றார் கான்ட்ராக்டர். வீம்புக்கு இன்னும் ஆழமாக இழுத்து விட்டார். ஆட்களும் விட்டார்கள். புகை எழுந்து, வழக்கமான வழி அடைத்துக் கிடக்கவே, கூரையில் முட்டிக்கொண்டு பரவியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. விளக்கு மங்கியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆட்களில் ஒருவன் இருமினான், அடுத்தவன் தொடர்ந்தான். சிகரெட்டை முதலில் அணைப்பவன் தோற்றவன் என்கிற மாதிரி எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கதவை விட்டு நகரவில்லை.

"ஃபேனைப் போடுய்யா" என்றார் கான்ட்ராக்டர் கடைசியில்.

"எதுக்கு?"

"மூச்சு முட்டுதுல்ல?"

"இத்தனை வருஷமா முட்டலையே."

"இத்தனை வருஷமா ஃபேன் ஓடிச்சு."

"ஓடிச்சு. புகை எங்கே போச்சு?"

ஆபீசருக்குப் புகை என்றால் அன்றாடத் தொழில். அவர் கண் சுவிட்சிலிருந்து சாத்திய ஜன்னலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஃபேனை அடுப்புக்கு மேலயா மாட்டியிருக்கே?" என்று மெதுவாகக் கேட்டார். வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துக் கையாலேயே நசுக்கினார்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதாக அந்த அசட்டு மனம் நம்பிக்கொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

ஜன்னல் திறக்கவில்லை. சமையலறைப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு, மூச்சு வாங்க, அக்கா ஹாலுக்குள் வந்தாள். கூட்டம் இருக்கும் நேரத்தில் அவள் ஹாலுக்கு வந்ததே இல்லை. அங்கிருந்த பலர் இத்தனை வருஷத்தில் அவள் முகத்தையும் கையையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. எவ்வளவு ஒல்லியாகிவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மீன் கருகுது. ஃபேனை ஏன்டா நிறுத்தினே?"

"அக்கா, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை."

"சொல்லலைதான். ஊரைக் கூட்டி அடைச்சு வெச்சுப் படம்தான் காட்டியிருக்கே." அவள் புகையைப் பார்த்தாள், சிகரெட்டுகளைப் பார்த்தாள். பிறகு, தெரிந்தது தெரிந்துபோயிற்று என்கிற கோபத்தோடு, ஹால் முழுவதுக்கும் சொன்னாள். "எனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்கன்னு டாக்டர் கேட்டாரு. தம்பி ஃபேன் மாட்டின நாள்லேருந்துன்னு சொன்னேன். ஒட்டுற சீக்கு இல்லை. மீன் வேணும்கிறவங்க இருங்க. வேணாம்கிறவங்க கிளம்புங்க."

டாக்டர் யாரோடும் குழப்பிக்கொள்ளவில்லை. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

கான்ட்ராக்டர் எழுந்தார். ஏதோ சொல்ல நினைத்தவர் போலத் தொண்டையைச் செருமினார், வெறும் இருமல்தான் வந்தது. தம்பி கதவை விட்டு விலகினான். அவர் வெளியே போனார். ஆட்களில் இரண்டு பேர் பின்னால் போனார்கள், இரண்டு பேர் கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்து, பிறகு கிளாஸில் முக்கி அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து வாத்தியார் எழுந்து வந்தார். தெருப் பக்கத்து ஜன்னலின் கொக்கியை நீக்கினார். பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. தோளால் இரண்டு இடி இடித்தார், பச்சைக் கண்ணாடி அதிர்ந்து திறந்தது. தெருவில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் சைக்கிளை நிறுத்தி அவரையே பார்த்தார்கள்.

"குட் ஈவினிங் சார்" என்றது ஒன்று.

"ம்" என்றார் வாத்தியார். காது மடல் சிவந்திருந்தது, ஆனாலும் ஜன்னலைச் சாத்தவில்லை. அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

புகை தெருப் பக்கம் போக ஆரம்பித்தது. அக்கா சமையலறைக்குத் திரும்பினாள். தம்பி தட்டு ஜன்னலின் தாழ்ப்பாளை நீக்கினான். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு மீன் வெளியே வந்தது, ஒரு பக்கம் நன்றாகவே கருகியிருந்தது. தட்டு ஜன்னல் விளிம்பில் இருந்தது. அக்கா உள்ளே முதுகைக் காட்டி நின்றாள், ஆனால் கரண்டி அசையவில்லை. அவள் காது இங்கேதான் இருக்கிறது என்று தம்பிக்குத் தெரிந்தது. ஒருவரும் எழவில்லை.

வாத்தியார்தான் வந்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தார், நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். "உப்பு கம்மி" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க நாக்கைக் காட்டுங்க, பார்ப்போம்" என்றாள் அக்கா. கரண்டி மறுபடி அசைந்தது. ஆபீசர் தனக்கும் ஒரு தட்டு என்றார்.

கூட்டம் அடங்கிய பிறகு தம்பி ஜன்னலில் முழங்கையை ஊன்றினான். விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஃபேன்தான் காரணம்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவளுக்குப் புகை எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு தெரியாதா? முதல் வாரமே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

அவள் மீனைப் புரட்டிப்போட்டாள்.

"சொல்லியிருந்தா நீ வாசலுக்குப் போய் ஊதியிருப்பே" என்றாள். "நாள் முழுக்க இந்தச் சுவத்துக்குள்ள எனக்குப் பேச்சுத் துணைன்னு இருந்தது, நீ இங்கே நின்னு ஒரு சிகரெட் குடிக்கிற நேரம்தான்."