ஒன்றரை லீற்றர் ஒயில்

பிரகலாதன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அளவு பார்க்கிறவர். இருபத்திரண்டு வருட வேலை. விடியப்புறம் தாங்கியின் மேலே ஏறி, அளவுநாடாவை இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து எழுதுவார். எண்ணெய் ஆடாமல் அடங்கி நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆடுகிற எண்ணெயை அளக்கிறவன் வேலை தெரியாதவன் என்பது அவருடைய தீர்ப்பு.

அதனால்தான், பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கும் ஜமால்தீன் தானாகக் கியர் மாறும் அவருடைய பழைய காருக்கு ஓட்டோ கியர் ஒயில் மாற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தபோது, பிரகலாதன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இதை ஓடும்போதுதான் பார்க்கவேண்டும் என்று ஜமால்தீன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை, எஞ்சினைத் தொடாமல் தானே கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. கண்டபடி ஊற்றிவிட்டான் என்று மனைவி தயாளினிக்குச் சொல்லிக்கொண்டே, மீன்தொட்டிக் குழாயை உள்ளே விட்டு ஒன்றரை லீற்றரைச் சோடாப் போத்தலில் எடுத்தார். பிறகு பார்த்தால் அளவு கோட்டில் அச்சொட்டாக நின்றது. மனம் குளிர்ந்து போனது.

சனிக்கிழமை இருவரும் தம்பலகாமத்துக்கு வெளிக்கிட்டார்கள். பாதி வழியில் எஞ்சின் கத்தியது, கார் நகர மறுத்தது. கூடுதலாக ஊற்றின ஒயில் கியர்பொக்ஸைத் தின்றுவிட்டது என்றே அவர் நம்பினார். காரை ஆறவிட்டு ஆறவிட்டு, நடக்கிற வேகத்தில் கராஜுக்குத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் நௌபர் தன் வேனுக்கும் அதே ஒயில் மாற்ற வந்திருந்தான். பிரகலாதன் காரை விட்டு இறங்கும்போதே தொடங்கிவிட்டார்.

"வேலை தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும். ஏன் மற்றவையின்ர வாகனத்தில பழகுறீர்?"

ஜமால்தீன் பொனட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றி, கம்பியை இழுத்தார். நுனிகூடச் சரியாக நனையவில்லை. எஞ்சின் நிற்கும்போது அளவு அதிகமாகக் காட்டியதே என்று பிரகலாதன் கேட்டார். ஓடும்போது ஒயில் உள்ளே எல்லா இடமும் ஏறி நிற்கும், நிறுத்தினால் கீழே இறங்கிக் கூடுதலாகக் காட்டும் என்று ஜமால்தீன் சாதாரணமாகச் சொன்னார்.

குறைவது தான் எடுத்த ஒன்றரை லீற்றர்தான் என்று பிரகலாதனுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

ஜமால்தீன் காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "எங்கயும் ஒழுகல்ல சேர். அப்ப நான்தான் குறைச்சி ஊத்தியிருக்கன். என்ட பிழைதான், மன்னிச்சிக்கோங்க."

ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்த பிரகலாதன், "சரி, இனியாவது கவனமாச் செய்யும்" என்றார்.

நௌபர் மேசையில் கிடந்த வேன் சாவியை எடுத்துக்கொண்டான். "என்ட வேனுக்கு இன்னும் ஆயுசு இருக்கு ஜமால்தீன் காக்கா. இப்பவே கொல்ல ஏலா." நின்றவர்கள் சிரித்தார்கள். ஜமால்தீனும் சிரிக்கப் பார்த்தார்.

ஜமால்தீன் குறைந்த ஒயிலை ஊற்றிக் காரை ஓடவைத்துக் கொடுத்தார். காருக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்ட தயாளினி, வீட்டுப் படலையில் இறங்கும்போதுதான் கேட்டாள்: "அந்த மனுசன் மன்னிப்புக் கேக்கேக்க, நீங்கள் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

ஞாயிறு காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே கராஜுக்குப் போய்க் குழாய் விட்ட கதையைத் தலை குனிந்தபடி சொல்லிமுடித்தார். ஜமால்தீன் கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார். கை சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தின போத்தல் ஊத்தினன் எண்டு விடியுமட்டும் எண்ணிக்கொண்டு கிடந்தன் சேர். என்ட கையிலயே எனக்கு நம்பிக்கை போச்சு." துவாயை எடுத்தார். "நாலு பேருக்கு முன்னால ஏசினீங்க. இப்ப ஆருமில்லாத நேரம் பாத்து வந்து சொல்றீங்க."

பிரகலாதன் நௌபரின் கடை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

கடையில் நல்ல சனம். "வாங்க சேர், காருக்கு உயிர் வந்திச்சா?" என்றான் நௌபர், தராசில் ஆணியைப் போட்டபடி. சனம் குறையட்டும் என்று அவர் ஓரமாக நின்றார். ஒருவர் போக இரண்டு பேர் வந்தார்கள். இதுவும் ஆளில்லாத நேரம் பார்க்கிற வேலைதான் என்று உறைத்தபோது, ஆட்களை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தார்.

"தம்பி, அந்த ஒயிலை எடுத்தது நான்."

"எந்த ஒயில் சேர்?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினார்.